புகைபோக்கி இல்லாத கப்பலும் ஜமால் பாயின் இதயமும்

போன மாதம் சான் ஹோசேயில் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். சுவர் நிறைய ஒரு சரக்குக் கப்பலின் படம். மேலே கண்டெய்னர்கள், நடுவயிற்றில் சிவப்பு வண்ணத்தில் சின்னதாக ஓர் அணு உலை. எண்ணெய் வேண்டாம், புகை கிடையாது, ஒருமுறை எரிபொருள் போட்டால் பல வருடம் ஓடும். உங்களில் ஒருத்தி சாப்பாட்டு மேசையில் என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, இவ்ளோ நல்ல ஐடியாவ அப்பவே ட்ரை பண்ணியிருக்காங்களே, அப்புறம் ஏன் ஃபெயில் ஆச்சு?" என் வாயில் தயிர்சாதம் இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் உங்களுக்கு மீட்டிங் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் கப்பல் கட்டப் போகிறவர்கள். நான் பிரித்தவள். நியூ ஜெர்சியில் ஒரு நிறுவனத்தில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை. ஓய்ந்துபோன அணு உலைகளைத் துண்டுதுண்டாகக் கழற்றி அனுப்பும்போது, அதில் வேலை செய்கிறவர்களுக்கும் ஊருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது. இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வுபெற்று, டெக்சஸில் ஃபிரிஸ்கோ என்ற ஊரில் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்திருக்கிறேன். இந்த வேலையைப் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைகள் ஓர் அலமாரி நிறைய இருக்கும். அவற்றில் யாரும் சிரிக்க மாட்டார்கள். நடந்ததோ பாதி நாள் சிரிப்புதான். உங்களில் புதிதாகச் சேர்ந்த ஆறு பேரில் நான்கு பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்றார்கள். மற்ற இரண்டு பேருக்கு அந்த நால்வரும் சொல்லிவிடுங்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அணுவால் எதுவும் முடியும் என்று உலகம் நம்பிய காலத்தில், சில நாடுகள் ஆளுக்கொரு வணிகக் கப்பல் கட்டிப்பார்த்தன. அமெரிக்கா கட்டியது வெள்ளை வெளேரென்று இருந்தது. போன இடமெல்லாம் பார்க்கக் கூட்டம். ஜெர்மனியும் ஒன்று கட்டியது. ஜப்பான் கட்டியதில் முதல் ஓட்டத்திலேயே கொஞ்சம் கதிர்வீச்சு கசிந்தது. நடுக்கடலில் கைவசம் வேறு ஒன்றும் இல்லாததால், சோற்றில் கதிரை உறிஞ்சும் போரான் கலந்து பிசைந்து அடைத்துப்பார்த்தார்கள். அந்தச் சோற்றுக் கதையைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அடுத்த பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது: அந்தக் கப்பலைச் சொந்தத் துறைமுகத்துக்கே திரும்பிவர மீனவர்கள் விடவில்லை. ரஷ்யாவின் பனிக்கடலில் ஓடியது மட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. மற்றவை சில வருடங்களிலேயே கரையொதுங்கிவிட்டன. எண்ணெய் மலிவாக இருந்தது, இந்தக் கப்பல்களோ செலவாளிகள். அதைவிட, ஒவ்வொரு துறைமுகத்திலும் உள்ளே வரலாமா என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

நான் பிரித்த கப்பல் எது, எந்தத் துறைமுகம் என்று தேட வேண்டாம். பெயர்களை மறைத்தும் மாற்றியும்தான் எழுதுகிறேன். டெக்சஸ் கடற்கரை, அவ்வளவு போதும். எரிபொருளை எப்போதோ எடுத்துவிட்டார்கள். உலை நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. உலையின் கலமும் அதைச் சுற்றியிருந்த குழாய்களும் மட்டும் மிச்சம். அவற்றைக் கழற்றி எடுத்துவிட்டால் அது வெறும் இரும்புக் கப்பல்.

முதல்முறை அதன் உள்ளே போனபோது பயமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் ஆசையாகத்தான் இருந்தது. பயணிகள் அறைகளில் மரச்சாமான் இன்னும் பளபளத்தது. ஓர் இழுப்பறையில் கட்டுக்கட்டாகக் குழந்தைகள் வரைந்த படங்கள். கப்பல் போன ஊர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வரைந்து கொடுத்தவை. புகைபோக்கியே இல்லாத கப்பல் அது. ஆனால் ஒரு பிள்ளைகூட விடாமல் எல்லாருமே புகைபோக்கி வரைந்து, அதிலிருந்து சுருள் சுருளாகப் புகையும் விட்டிருந்தார்கள். கண்ணால் பார்த்ததைவிடக் கப்பல் என்றால் இப்படித்தான் என்று மனதில் இருந்ததே ஜெயித்திருக்கிறது. தரையில் உட்கார்ந்து அத்தனையையும் பார்த்தேன். அன்று வேலை ஒன்றும் நடக்கவில்லை.

*

என் தவறை முதலில் சொல்கிறேன். அது ஒரே ஒரு சொல்.

வேலை தொடங்கும் முன் ஊர்க்கூட்டம் வைத்தோம், உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில். படகுக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் லான் என்று ஒரு பெண். சின்ன வயதில் குடும்பத்தோடு வியட்நாமிலிருந்து வந்தவள். கணவனும் மனைவியுமாக இறால் படகு ஓட்டுகிறவர்கள். என் வயதுதான் இருக்கும். கை தூக்கினாள். அவள் பேசியது ஆங்கிலம், நான் தமிழில் தருகிறேன்.

"கப்பல்ல இருந்து தண்ணிக்கு எவ்வளவு வரும்?"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பூஜ்யம்" என்றேன்.

எங்கள் நிறுவனத்து ஆட்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு வாரத்தில், ஒப்பந்தப்படி முதல் தண்ணீர்ப் பரிசோதனை முடிவை ஊர்ப் பலகையில் ஒட்டினோம். அதில் பூஜ்யம் இல்லை. சிறிய எண் ஒன்று இருந்தது. கடல்நீரில் இயற்கையாகவே பொட்டாசியம் உண்டு, அதிலிருந்து வருவது. கப்பல் அங்கே வராவிட்டாலும் அதே எண்தான் வந்திருக்கும். இது எனக்குத் தெரியும். லானுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேராக என் டிரெய்லர் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"இது பூஜ்யமா?"

நான் பொட்டாசியத்தை விளக்கத் தொடங்கினேன். அவள் முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. பூஜ்யம்னு கேட்டது நானா? எவ்வளவுன்னுதானே கேட்டேன்" என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. விஞ்ஞானம் படித்தவள் நான். ஆனால் எவ்வளவு என்று சரியாகக் கேட்டது அவள், ஆறுதல் சொன்னது நான்.

அவளை உட்காரச் சொன்னேன். என் ஊரைப் பற்றிச் சொன்னேன். கன்னியாகுமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம். அந்தக் கடற்கரை மணலிலேயே தோரியம் இருக்கிறது. இந்தக் கப்பலின் மேல்தளத்தில் நிற்பதைவிட எங்கள் ஊர் மணலில் நின்றால் கருவி அதிகம் துடிக்கும்.

"அங்கே மீன் பிடிக்கிறாங்களா?"

"பிடிக்கிறாங்க. அதைத் தின்னுதான் வளர்ந்தேன்."

"பரவாயில்லைன்னு அவங்களுக்கு யார் சொல்றது?"

"வந்து அளக்கிறாங்க. திரும்பத் திரும்ப அளந்துக்கிட்டே இருக்காங்க."

லான் கையை நீட்டினாள். "அப்ப எனக்கும் ஒரு மீட்டர் கொடு."

நியூ ஜெர்சியில் இருந்த என் மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், கவலைக்காரர். ஃபோனில் சொன்னதும் பதறிவிட்டார். "என்னங்க உமா, வெளியாளு கைல மீட்டரக் குடுத்தா, அவங்க பாட்டுக்கு எதையாச்சும் அளந்து ஃபேஸ்புக்ல போட மாட்டாங்களா?"

"போடட்டும் சார். நாம போடறதவிட ஜனங்க அத நம்புவாங்க."

ஒரு வாரம் மல்லுக்கட்டி சம்மதம் வாங்கினேன். லான் எங்களோடு மூன்று நாள் பயிற்சிக்கு உட்கார்ந்தாள். தேர்வில் எங்கள் ஆட்களைவிட அதிக மதிப்பெண் எடுத்தாள். ஊரின் சார்பில் பார்வையாளர் என்று ஓர் அட்டை கொடுத்தோம். தினமும் படகு கரை சேர்ந்ததும் வந்து, அவள் இஷ்டப்பட்ட இடத்தில் தண்ணீர் எடுத்து அளந்துவிட்டுப் போவாள். அந்தக் கைநீட்டலுக்கு நான் மறுத்திருந்தால், அடுத்து நடந்ததில் நாங்கள் மூட்டை கட்டியிருப்போம்.

*

குழாய் அறுக்கும் ஒப்பந்தம் ஜமால் பாயிடம் இருந்தது. கீழக்கரைக்காரர். கப்பலில் ஃபிட்டராக வந்தவர், பிறகு ஹூஸ்டனில் சொந்தமாகத் தொழில். வீடு ரிச்சர்ட்சனில், ஐந்து மணி நேரத் தூரம். வாரம் ஒருமுறைதான் போவார். பத்துப் பதினோரு பேர் அவருக்குக் கீழே. டெக்சஸில் அந்த மூலையில் தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்ததில் எனக்குக் கொண்டாட்டம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

உலை இருக்கும் பகுதியிலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் ஓர் இயந்திரத்துக்குள் நிற்க வேண்டும். உடம்பிலோ உடையிலோ கதிர்த்தூசி ஒட்டியிருந்தால் அலறும். அசையாமல் நிற்கவைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் பலன் சொல்வதால் ஜமால் பாய் அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்திருந்தார். "ஜோசியர் என்ன சொல்றாரு?" "நல்ல காலம்தான் பாய்!" தினமும் நடக்கிற பேச்சு இது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்காக ஜமால் பாய் முன்னதாகவே வெளியே வந்தார். ஜோசியர் அலறினார். ஒரு விளக்கு இரண்டு விளக்கு இல்லை, நெஞ்சிலிருந்து இடுப்புவரை எல்லா விளக்கும் சிவப்பு.

அவரைத் தனியறைக்குக் கூட்டிப்போனேன். மேலுடையை மாற்றினோம், குறையவில்லை. குளிக்கவைத்தோம், குறையவில்லை. கையும் காலும் சுத்தம், நெஞ்சும் வயிறும்தான் காட்டின. அப்படியென்றால் வெளியே ஒட்டியது இல்லை, உள்ளே இருக்கிறது. அறுக்கும்போது மூச்சோடு இழுத்துவிட்டாரா? முகமூடி கசிந்ததா? பத்து வருடத்தில் என் கண் முன்னே ஒருவருக்கும் அப்படி நேர்ந்ததில்லை.

"தங்கச்சி, நான் செத்துருவனா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"இருங்க பாய். எதுன்னு பாத்துருவோம்."

எது என்று சொல்லும் கருவி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்கென்று ஒரு கையெழுத்து வைத்திருக்கும்; அதைப் படித்துவிடும். பழைய உலைக் குழாய்களில் படிந்திருக்கும் கோபால்ட் என்று வரும் என எதிர்பார்த்துக்கொண்டு பார்த்தேன். வந்தது டெக்னீசியம்.

நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துவிட்டேன். அந்த டெக்னீசியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். பல பத்தாண்டு தூங்கிய உலையில் அது ஒரு துளிகூட இருக்க வழியில்லை. அது இருக்கும் ஒரே இடம் ஆஸ்பத்திரி.

"பாய், நேத்து எங்க போயிருந்தீங்க?"

அவர் கதவைப் பார்த்தார். "யார்ட்டயும் சொல்லிராத தங்கச்சி. ஹூஸ்டன்ல ஹார்ட் டெஸ்ட். கைல ஊசி போட்டு, டிரெட்மில்ல ஓடவிட்டு ஸ்கேன் பண்ணாங்க."

"இன்னைக்குக் காலைல குடுத்த ஃபார்ம்ல கேட்டிருக்கோமே, இந்த மாதிரி எதாவது எடுத்தீங்களான்னு? நீங்க இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அதுல என்னமோ மருந்து, பார்மசூட்டிக்கல்னு போட்டிருந்திச்சு. நான் மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடலையே."

அந்தப் படிவத்தை எழுதியவள் நான். பதினேழாவது கேள்வி. நான்கு வரிக்கு நீண்ட ஆங்கிலம். இருபது வருடம் இந்த நாட்டில் தொழில் செய்கிறவருக்கே புரியாதபடி ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிவிட்டதாகத் திருப்திப்பட்டிருக்கிறேன். மறுநாளே அதை மாற்றினேன்: "இந்த வாரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தீர்களா?" அவ்வளவுதான்.

ஆனால் அந்த நேரத்தில் பிரச்சினை படிவம் இல்லை. "வீட்ல சொல்லல" என்றார். "பழைய டிரக் ஒண்ணு பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். சுலைகாவுக்குத் தெரிஞ்சா இந்த வேலையவே விட்டுட்டு வான்னுவா. என்ட்ட வேலை பாக்குற பயலுகளுக்குத் தெரிஞ்சா அவனுங்களும் பயந்துருவானுங்க. உன் காலப் பிடிக்கிறேன், சொல்லிராத."

"சொல்ல மாட்டேன். டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரிசல்ட் இன்னைக்கு கால் பண்றேன்னாரு. ஃபோன் லாக்கர்ல கிடக்கு."

ஆளனுப்பி ஃபோனை எடுத்துவரச் சொன்னேன். மருத்துவமனையிலிருந்து நான்கு அழைப்புகள் தவறியிருந்தன. திருப்பிப் பேசினார். அவர் முகம் மாறியது. ஃபோனை என்னிடம் தந்தார். இரண்டு அடைப்புகள், உடனே வர வேண்டும், அவர் வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். வலி ஏதாவது உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"காலைல இருந்து இடது தோள் கொஞ்சம் பிடிச்சிருக்கு. கட்டிங் டார்ச் தூக்கினதுதான்" என்றார் ஜமால் பாய்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

இதற்குள் அலறல் சத்தம் ஊருக்கே போயிருந்தது. யாரோ ஃபோனில் எடுத்த வீடியோ. முன்கேட்டில் முப்பது நாற்பது பேர். படகுக்காரர்கள், கையில் எதிர்ப்பு அட்டை பிடித்த இரண்டு பேர், உள்ளூர்த் தொலைக்காட்சியிலிருந்து ஒரு பெண். மாலை நான்கு மணிக்கு நகர மன்றம் கூடுவதாக இருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி ஒரு வரி தீர்மானம் போட்டால் முடிந்தது கதை. துறைமுகங்கள் வாசலை மூடியதில் இந்தக் கப்பல்கள் எப்படிச் செத்தன என்று நான் படித்திருந்தேன். அன்று நேரில் பார்க்கப்போகிறேன் என்று தோன்றியது.

மேலாளர் ஃபோனில். விதிப்படி அவருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "உமா, ஆம்புலன்ஸ் முன்கேட்ல போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கதிர்வீச்சுல அடிபட்ட ஆளுன்னு சாயங்காலம் நியூஸ்ல வந்துருமுங்க. பின்கேட் இருக்குதுங்கல்ல?"

பின்கேட் இருந்தது. பழைய இரும்புக் கிடங்கைச் சுற்றி, மண்பாதை. ஏழெட்டு நிமிடம் கூடுதல்.

"இல்லைன்னா ஒரே வரி. ஆஸ்பத்திரி ஊசிதான்னு அவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. முடிஞ்சது."

அந்த ஒரு வரி என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அது என்னுடைய வரி இல்லை. ஜமால் பாயுடையது. பின்கேட்டோ அவருடைய ஏழெட்டு நிமிடம். தவிர, பின்கேட் வழியாக ஓர் ஆம்புலன்ஸ் போனதை நாளைக்கு ஒருவர் பார்த்துச் சொன்னால், அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

"சார், முன்கேட்தான். ஆள மொதல்ல பாப்போம். நியூஸ அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அவர், "சரிங்க. நீங்கதான் அங்க இருக்கீங்க. என் பேர்ல போட்டுக்கோங்க" என்றார். அந்தக் கவலைக்காரர் சொன்ன அந்த வாக்கியத்துக்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆம்புலன்ஸில் வந்த சின்னப் பெண், தொடலாமா என்று தயங்கினாள். "இவர் உடம்புல இருக்கிறது உங்க ஆஸ்பத்திரி குடுத்ததுதான்" என்று கருவியின் திரையைக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஜமால் பாயைப் படுக்கவைத்து முகத்தில் ஆக்சிஜன் மாட்டினாள்.

கேட் திறந்தது. கூட்டம் பாதையை மறித்து நின்றது. நான் முன்னால் ஓடி, "வழி விடுங்க! அவர் ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" என்று கத்தினேன். கப்பல்ல என்ன ஆச்சு, எத்தனை பேருக்கு என்று நாலா பக்கமும் கேள்வி. "கப்பலிலிருந்து இல்லை. எப்படித் தெரியும் என்று நான் சொல்ல முடியாது" என்றேன். இதைவிட மோசமான பதில் உலகத்தில் இருக்க முடியாது. அட்டை பிடித்தவர் சிரித்தே விட்டார்.

அப்போது ஆம்புலன்ஸின் பின்கதவு உள்ளிருந்து திறந்தது. அந்தப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்க, ஜமால் பாய் ஆக்சிஜன் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தலையை நீட்டினார். எங்கள் ஊர் ஆங்கிலத்தில், ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"கப்பல் இல்லய்யா! என் ஹார்ட்! நேத்து டாக்டர் ஊசி போட்டாரு, அதான் மிஷின் கத்துது! கப்பல ஒண்ணும் சொல்லாதீங்க! முப்பது வருஷ பிரியாணி, அதுதான் குத்தவாளி!"

முதலில் ஒரு கிழட்டுப் படகுக்காரர் கடகடவென்று சிரித்தார். "எனக்கும் ரெண்டு ஸ்டென்ட் இருக்கு, தைரியமாப் போ!" என்றார். கூட்டம் விலகியது. யாரோ கைதட்டினார்கள். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு நெடுஞ்சாலைக்குத் திரும்பியது.

நான் பெருமூச்சு விட்டுத் திரும்பினால், லான் நிற்கிறாள். சிரிக்கவில்லை.

"நல்ல மனுஷன். உண்மையாத்தான் சொல்றான்னு நினைக்கிறேன்," என்றாள். "ஆனா நினைச்சாப் போதாது. அவன் முகமூடிய எனக்குக் காட்டு."

சரியான கேள்வி. முகமூடி வடிகட்டியின் உட்புறம் சுத்தமாக இருந்தால்தான், அவர் இழுத்த மூச்சும் சுத்தம். உள்ளே கூட்டிப்போனேன். முகமூடி, பூட்ஸ், கையுறை, டார்ச், அவர் அன்று அறுத்த குழாயின் சுற்றுப்புறம் என்று ஒன்று விடவில்லை. நான் தொடவே இல்லை. அவளே அளந்தாள், அவளே எழுதினாள். இரண்டு மணி நேரம் ஆனது. முகமூடியின் உட்புறம் சுத்தம். மற்றவற்றில் இருந்ததெல்லாம் தினமும் இருக்கிற அளவுதான், கோபால்ட். டெக்னீசியம் எங்கும் இல்லை.

நான்கு மணிக்கு நகர மன்றத்தில் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. லான் தன் நோட்டோடு போய் நின்றாள். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். "பூஜ்யம் இல்லை," என்றாள். "இவ்வளவு இருக்கு. நேத்தும் இவ்வளவுதான் இருந்தது." அவ்வளவுதான் பேச்சு. திங்கட்கிழமை வேலை தொடரலாம் என்றார்கள்.

கூட்டத்துக்குப் போவதற்கு முன்னாலேயே சுலைகாவுக்கு ஃபோன் பண்ணியிருந்தேன். ஆம்புலன்ஸிலிருந்தே ஜமால் பாய் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார், "நீயே சொல்லிரு, எனக்குப் பயமா இருக்கு" என்று.

"டிரக் வாங்கப் போறேன்னாரே?" என்றார் சுலைகா.

"டிரக் இல்லைங்க. ஹார்ட் டெஸ்ட். இப்ப ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நல்லா பேசுறாரு."

மறுமுனையில் அழுகிறாரோ என்று பயந்தேன்.

"நல்லா பேசுவாரு. அதுல ஒரு குறையும் இல்ல," என்றார். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. "நான் கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் அந்த மனுஷனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு சொல்லுங்க. வந்ததும் பேசிக்கிறேன்."

அன்று மாலையே அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஒருநாள் தள்ளியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். எங்கள் ஜோசியர் முதல்முறையாக உருப்படியான பலன் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை இன்னொரு வேடிக்கை. வேலைக்குள் போகும் முன் ஜமால் பாயின் ஆட்கள் என் டிரெய்லர் வாசலில் வரிசையாக நின்றார்கள். எனக்கு சுகர், எனக்கு பிரஷர், எனக்கு முதுகில் ஒரு கட்டி, எனக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதாம் என்று ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். இத்தனை நாள் வேலை போய்விடும் என்று மறைத்தது. பக்கத்து ஊர் மருத்துவரை வரவழைத்து எல்லாரையும் பார்க்கவைத்தோம். ஒருவருக்கும் வேலை போகவில்லை. சிலரை வேறு வேலைக்கு மாற்றினோம், அவ்வளவுதான். நோயைச் சொன்னால் தண்டனை என்கிற பயம் உங்கள் கப்பலில் இருந்தால், உங்கள் உலை எவ்வளவு பத்திரமாக இருந்தும் பிரயோஜனமில்லை.

*

உலையின் கலத்தைத் தூக்கி எடுக்கும் நாள் வந்தது. பெரிய கிரேன் வந்து நின்றது. ஜமால் பாய் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் ஆசை. அவருக்காகவே ஒரு நாள் தள்ளிப்போட்டோம். சுலைகா வண்டி ஓட்டிவந்தார். இவர் பத்துக் கிலோ இளைத்து, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு உள்ளே போகிற வழியிலும் ஒரு ஜோசியரை வைத்திருந்தேன். ஜமால் பாய் அதில் ஏறி நின்றார். ஜோசியர் அலறினார். எல்லா விளக்கும் சிவப்பு.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை உருவித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "டாக்டர் லெட்டர்! நேத்து செக்கப்! ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தேன்! உன் பதினேழாவது கேள்வி புரிஞ்சுபோச்சு தங்கச்சி!"

ஒருவரும் ஓடவில்லை. கேட்டில் நின்ற படகுக்காரர்கள் காபி குடித்துக்கொண்டே எட்டிப்பார்த்தார்கள். நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன்; படித்துவிட்டு அளந்தேன். கடிதம் இருந்தாலும் அளக்கத்தான் வேண்டும். டெக்னீசியம்தான். ஆனால் உள்ளே விட முடியாது. உடம்பில் இதை வைத்துக்கொண்டு போனால், வெளியே வரும்போது வேறு ஏதாவது ஒட்டியிருந்தாலும் தெரியாது.

"விதின்னா விதிதான் பாய்."

அவர் முகம் வாடிவிட்டது. லான் பக்கத்திலேயே நின்றாள். எங்கள் தமிழ் அவளுக்குப் புரியவில்லை, முகம் புரிந்தது. "கடல்ல இருந்து பார்த்தா இன்னும் நல்லாத் தெரியும்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் லானின் இறால் படகில் ஏறினோம். அவளும் அவள் கணவரும், ஜமால் பாய், சுலைகா, நான். எனக்குப் பதிலாக என் குழுவில் இளைய பெண் ஒருத்தி மேலே கருவியோடு நின்றாள். என்னைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டாள். கப்பலின் பக்கவாட்டில், சொல்லியிருந்த தூரத்தில் நங்கூரம் போட்டோம். நல்ல வெயில், காற்று. கிரேன் மெல்ல முறுக்கேறியது. கப்பலின் நடுவிலிருந்து, பாதுகாப்பு உறை போர்த்திய கலம் அங்குலம் அங்குலமாக எழுந்து வானத்தில் தொங்கியது.

"இவ்ளோதானா?" என்றார் சுலைகா. "இந்தச் சின்னதா இவ்ளோ பெரிய கப்பல ஓட்டிச்சு?"

"ஓட்டிச்சு," என்றார் ஜமால் பாய். "புகையில்லாம, சத்தமில்லாம, ராஜா மாதிரி ஓட்டிச்சு." அவர் கண் நிறைந்திருந்தது. சுலைகா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "டிரக் எப்ப வரும்னு கேளுங்க உங்க தங்கச்சிகிட்ட" என்றார். படகு குலுங்கச் சிரித்தோம்.

கலம் பாதுகாப்பாகப் பார்ஜ் என்ற தட்டைப்படகில் இறங்கியதும் துறைமுகத்தில் இருந்த படகுகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கின. யாரும் சொல்லி அடிக்கவில்லை. ஒன்றைக் கேட்டு இன்னொன்று. ஒவ்வொரு துறைமுகத்திலும் நுழையக் கெஞ்சிய கப்பல், கடைசி நாளில் இப்படி வழியனுப்பப்படும் என்று அதைக் கட்டியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். என் வேலை வாழ்க்கையில் நான் கேட்ட மிக இனிமையான சத்தம் அது.

லான் படகின் பின்பக்கத்து அடுப்பில் அன்று காலை பிடித்த இறாலை வதக்கினாள். பூண்டும் மிளகாயும் கடலெல்லாம் மணத்தது. ஐந்து தட்டில் போட்டு வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் என் பையைத் தொட்டேன், சின்ன மீட்டர் அதற்குள் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

"காலையிலேயே அளந்துட்டேன் உமா," என்றாள். "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு."